டிராயருக்குள் இரண்டு இட்லி

போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் முடிந்து நேராக அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். தலை வாரிவிடலாம் என்று சீப்பைத் தேடி, கட்டிலோரத்து மேசையின் டிராயரைத் திறந்தேன். சீப்புக்குப் பக்கத்தில், விபூதிச் சம்புடத்தை ஒட்டி, பேப்பர் நாப்கினில் எதையோ சுற்றி வைத்திருந்தாள். பிரித்தால் இரண்டு இட்லி. ஞாயிற்றுக்கிழமை காலை நான் கொண்டுபோய்க் கொடுத்த இட்லி. மேல்புறம் காய்ந்து தோல் மாதிரி இறுகிக் கிடந்தது. விரலால் பிளந்தேன். உள்ளே பிசுபிசுவென்று நூல் விட்டது. ஊசிப்போன வாசனை குப்பென்று வந்தது.

"இது எதுக்கும்மா இங்க?"

"நீ ஆபீஸ்லேர்ந்து அப்படியே வருவே, பசியோட இருப்பேன்னு எடுத்து வெச்சேன்டி. சாப்பிடு."

இரண்டு நாள் அவள் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. நடுராத்திரி பசித்தால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருப்பாள். அன்று வீட்டுக்கு வரும்வரை எனக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

அம்மாவுக்கு 81 வயது. தஞ்சாவூர்ப் பக்கம். நியூஜெர்சிக்கு எங்களோடு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன், பிசியோதெரபி எல்லாம் ஆனபிறகும் இரண்டு பேர் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. மறதியும் கூடிவிட்டது. அப்படித்தான் நர்சிங் ஹோமில் சேர்த்தோம். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவமோ அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனோ நடக்கிற சின்ன ஆஸ்பத்திரி. இங்கே அது, தானாக எதுவும் செய்துகொள்ள முடியாத பெரியவர்கள் வருடக்கணக்கில் தங்குகிற இடம். "அம்மா நர்சிங் ஹோமில் இருக்கிறாள்" என்று ஊருக்குப் போனில் சொன்னபோது, "எப்ப டிஸ்சார்ஜ்?" என்றுதான் சித்தி கேட்டாள்.

அங்கே தருகிற சாப்பாட்டை அம்மாவால் சாப்பிட முடியவில்லை. சைவம் உண்டு. வேகவைத்த காரட், மசித்த உருளைக்கிழங்கு, சீஸ் போட்ட பாஸ்தா. முதல் ஒன்றரை மாதத்தில் நான்கு கிலோ இறங்கிவிட்டாள். அந்த வயதில் இறங்குகிற எடை சுலபத்தில் திரும்பி ஏறுவதில்லை. அதனால் வீட்டுச் சாப்பாட்டை நான் ஆசைக்காகக் கொண்டுபோகவில்லை. அது அவளுக்கு மருந்து மாதிரி. இதைப் புரிந்துகொண்டுதான் மேலே படிக்கவேண்டும். கெட்டுப்போகும் என்ற பயத்தில் வெளிச்சாப்பாட்டையே நிறுத்திவிடுவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. முதல் வாரம் எவர்சில்வர் அடுக்கில் ரசம் சாதம், வெண்டைக்காய்க் கறி, தயிர்சாதம், தனியாக ஒரு பாட்டிலில் வத்தக்குழம்பு என்று கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனால் அடுக்கு கழுவிக் கவிழ்த்திருக்கிறது, பாட்டிலைக் காணோம். "பெயர் இல்லை, தேதி இல்லை, ஜன்னலோரம் வெளியே இருந்தது, கொட்டிவிட்டோம்" என்றார் நர்ஸ். நல்லெண்ணெய் மிதக்கிற வத்தக்குழம்பு ஒரு வாரம் வெளியே இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று நான் சத்தம் போட்டேன். எங்கள் சாப்பாடு இவர்களுக்குக் குப்பையாகத் தெரிகிறது என்றே நினைத்தேன். காரில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த வாரக் கடைசியில் அங்கிருக்கிற டயட்டீஷியன் என்னை உட்காரவைத்துப் பேசினார். மூன்றே கேள்வி கேட்டார். எப்போது சமைத்தீர்கள்? சமைத்ததிலிருந்து இங்கே வரும்வரை எங்கே, எவ்வளவு சூட்டில் இருந்தது? நீங்கள் போனபிறகு யார் அதைச் சூடுபண்ணி, எப்போது கொடுப்பார்கள்? முதல் கேள்விக்கு மட்டும்தான் என்னிடம் பதில் இருந்தது.

நம் வீடுகளில் சோறு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலை பத்து மணிக்குக் குக்கர் இறங்கும். மதியம் சாப்பிட்டதுபோக மீதி மேடையிலேயே மூடியிருக்கும். ராத்திரி அதிலேயே மோர் விட்டுக்கொள்வோம். ஐம்பது வருடம் இப்படித்தான் சாப்பிட்டோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் நம் எல்லாருடைய வாதமும்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமி இருக்கிறது. மண்ணிலிருந்து வருவது. கொதிக்கவைத்தாலும் அதன் விதைகள் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகும். அதில் ஒரு வகை விடுகிற நச்சு, திரும்பச் சூடுபண்ணினாலும் அழியாது. "நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன்" என்பது இந்த இடத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. சூடுபடுத்துவதற்கு முன்னால் அந்தச் சோறு எப்படி இருந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கே அமெரிக்க உணவு விதிகளில் திரும்பத் திரும்ப வருகிற இரண்டு எண்கள், 41 டிகிரி ஃபாரன்ஹீட்டும் 135 டிகிரியும். செல்சியஸில் 5, 57. சமைத்த பண்டம் ஒன்று 41-க்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும், அல்லது 135-க்கு மேலே சூடாக இருக்க வேண்டும். நடுவில் இருக்கிற நேரம்தான் ஆபத்து. வீட்டில் சமைப்பவர்களுக்கு விவசாயத் துறை சொல்வது இன்னும் எளிது: வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே. வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான்.

நமக்கு ஒன்றும் செய்யாத சாப்பாடு வயதானவர்களை ஏன் படுத்துகிறது? வயதானால் வயிற்றில் அமிலம் சுரப்பது பலருக்குக் குறைகிறது. போதாததற்கு, நெஞ்செரிச்சலுக்கென்று தினமும் காலையில் ஒரு மாத்திரை. கிருமியை முதலில் கொல்ல வேண்டிய அமிலம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நமக்கு ஒருநாள் வயிற்றால் போனால் மறுநாள் மோர் சாதம் சாப்பிட்டு ஆபீஸ் போய்விடுவோம். அம்மாவுக்கு அதே ஒருநாளில் உடம்பில் நீர் வற்றும், ரத்த அழுத்தம் இறங்கும், தலை சுற்றும். அவசரத்தில் தானாக எழுந்து பாத்ரூம் போகப் பார்ப்பாள். மறுபடி இடுப்பெலும்பு.

இதில் வீட்டுச் சாப்பாடு ஒன்றுதான் ஆபத்து என்றும் யாரும் நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில், ஆஸ்பத்திரிகளுக்கும் நர்சிங் ஹோம்களுக்கும் போகிற உறைந்த சத்துபான ஷேக்குகளில் லிஸ்டீரியா கிருமி இருந்ததென்று திரும்பப் பெற்றார்கள். அப்போது வந்த கணக்குப்படி 21 மாநிலங்களில் 38 பேர் பாதிக்கப்பட்டு 12 பேர் இறந்திருந்தார்கள். பலரும் இந்த மாதிரி இடங்களில் இருந்தவர்கள். தொழிற்சாலையில் செய்து, சீல் வைத்து வந்த பானம் அது. லிஸ்டீரியா ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெதுவாக வளரக்கூடியது. ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டோம், இனி கவலை இல்லை என்று விட முடியாததற்கு அது ஒரு காரணம். டப்பா மேல் தேதி கேட்கிறார்களே, அது இதற்காகத்தான்.

டயட்டீஷியனிடம் பேசிவிட்டு வந்தபிறகு சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். மெடிகேர், மெடிகெய்ட் என்கிற அரசு மருத்துவக் காப்பீடுகளிலிருந்து பணம் வாங்குகிற நர்சிங் ஹோம்களுக்கான மத்திய அரசு விதிகளை 2016-ல் பெரிய அளவில் திருத்தினார்கள். அந்த வருடம் நவம்பர் 28-ல் அமலுக்கு வந்தது. குடும்பத்தாரும் பார்க்க வருகிறவர்களும் கொண்டுவருகிற உணவை எப்படிச் சுத்தமாக வைப்பது, கையாள்வது, கொடுப்பது என்று ஒவ்வொரு இல்லமும் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அதே பகுதியில், இல்லம் வாங்காத உணவைச் சாப்பிடுவதை இந்த விதிகள் தடுக்கவில்லை என்றும் இருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. அம்மா வீட்டுச் சாப்பாடு சாப்பிடுவது யாரோ கண்டும் காணாமல் விடுகிற சலுகை இல்லை.

இல்லங்களைச் சோதனை போட வருகிற அதிகாரிகளுக்கான வழிகாட்டுதலில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த உணவை இல்லத்தின் உணவோடு கலக்காமல், பார்த்ததும் தெரிகிற மாதிரி தனியாக வைக்க வேண்டும். தானாக எடுத்துச் சாப்பிட முடியாதவர்களுக்கு ஊழியர்கள் எடுத்துக் கொடுத்து உதவ வேண்டும். இரண்டாவதைத்தான் குடும்பங்கள் கேட்டு வாங்க வேண்டும். ஃப்ரிட்ஜில் இடம் தருவார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை மதியம் அதை எடுத்துச் சூடுபண்ண ஆள் இல்லையென்றால், தேதி முடிந்ததும் அது குப்பைக்குத்தான் போகும். சாப்பாடு ஒழுங்காக வைக்கப்பட்டிருந்ததாகக் கணக்கில் இருக்கும், அம்மா பட்டினியாக இருப்பாள். சேர்க்கும் அன்றே அந்தக் கொள்கையை எழுத்தில் கேளுங்கள். யார் சூடுபண்ணுவார், எத்தனை நாள் வைப்பார்கள், ராத்திரி ஷிஃப்டுக்குச் சாவி யாரிடம் என்றெல்லாம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த வத்தக்குழம்புச் சண்டை வந்திருக்காது.

இப்போது என் சனிக்கிழமை சாயங்காலங்கள் மாறிவிட்டன. சமைத்ததும் ஆழமான பாத்திரத்தில் மூடி வைக்கிற பழக்கத்தை விட்டேன். குவியலாக இருந்தால் நடுவில் சூடு மணிக்கணக்கில் போகாது. பொங்கலையோ உப்புமாவையோ அகலமான கண்ணாடித் தட்டில் இரண்டு விரல்கடை உயரத்துக்குப் பரப்பி, ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் 135-லிருந்து 70 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 41-க்கும் இறங்க வேண்டும் என்பது இங்கே ஹோட்டல் சமையலறைகளுக்கு உள்ள கணக்கு. பரப்பி வைத்தால் அதற்கு ரொம்ப முன்னாலேயே குளிர்ந்துவிடும்.

ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கினேன். குச்சி மாதிரி, உணவில் குத்திப் பார்ப்பது. ஹாட்பேக்கில் சூடாகக் கொண்டுபோகிறேன் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். 287 நெடுஞ்சாலையில் நாற்பது நிமிடம் போய், அங்கே கையெழுத்துப் போட்டு மாடிக்கு ஏறியபிறகு குத்திப் பார்த்தால் 118 டிகிரி. கைக்குச் சுடுகிறது, திறந்தால் ஆவி வருகிறது, ஆனாலும் 135-க்குக் கீழே. நம் கையை நம்பி இதை அளக்க முடியாது என்று அன்றுதான் தெரிந்தது. அன்றிலிருந்து, நான் உட்கார்ந்து ஊட்டிவிட்டு வருவதை மட்டும் சூடாகக் கொண்டுபோகிறேன். வைத்துவிட்டு வருவதெல்லாம் குளிர்ந்ததுதான், பக்கத்தில் ஐஸ் பாக்கெட் போட்ட பையில்.

எவர்சில்வரையும் விட்டேன். அங்கே மைக்ரோவேவ்தான் இருக்கிறது, எவர்சில்வரை அதில் வைக்க முடியாது. வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் தேதிச் சீட்டு பழைய பாத்திரத்தோடு போய்விடும். சின்னச் சின்னக் கண்ணாடி டப்பா, ஒரு டப்பா ஒரு வேளைக்கு. பெரிய டப்பாவில் கொடுத்தால் சூடுபண்ணுவார்கள், பாதி சாப்பிடுவாள், மீதி திரும்ப ஃப்ரிட்ஜுக்குப் போகும். அடுத்த வேளை மறுபடி சூடு. ஒரு வேளைக்குள் முடிகிற அளவென்றால் அந்தப் பேச்சே இல்லை. மிஞ்சினால் கொட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். சோற்றைக் கொட்டச் சொல்ல நமக்கு வாய் வராது. பழகிக்கொண்டேன்.

ஒவ்வொரு டப்பாவிலும் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுகிறேன். அம்மாவின் பெயர், அறை எண், என்ன பண்டம், சமைத்த தேதி, எந்தத் தேதிக்குமேல் கொடுக்கக் கூடாது. முந்திரி போட்டிருந்தால் அதையும், பால் சேர்ந்திருந்தால் அதையும். எங்கள் இல்லத்தில் மூன்று நாள் கணக்கு. விவசாயத் துறை மீந்த உணவுக்கு மூன்றிலிருந்து நான்கு நாள் என்கிறது. கடைசியில் ஒரு வரி: 165 டிகிரி ஃபாரன்ஹீட் வரும்வரை சூடுபண்ணி, கிளறி, ஆறவைத்துக் கொடுக்கவும். மைக்ரோவேவில் ஓரம் கொதிக்கும், நடு ஜில்லென்று இருக்கும். கிளறாவிட்டால் கிருமியும் சாகாது, வாயும் வெந்துபோகும்.

எதை வைத்துவிட்டு வருவது, எதை நான் இருக்கும்போதே கொடுத்து முடிப்பது என்று பிரித்துக்கொண்டேன். இட்லி, பொங்கல், பருப்பு போட்ட கூட்டு, எல்லாம் சூடு தாங்கும், வைக்கலாம். தயிர்சாதத்தைச் சூடுபண்ணினால் திரிந்துபோகும், ஃப்ரிட்ஜிலிருந்து அப்படியே கொடுத்தால் அம்மாவுக்குப் பல் கூசும். அதனால் அது ஞாயிறு மதியம் என் கையால்தான். பிரயாணத்துக்குப் பாலை நிறைய விட்டு ஒரு கரண்டி தயிர் சேர்த்துப் பிசைவோமே, போகிற வழியில் தோய்ந்து புளிக்காமல் இருக்கும் என்று, அந்த வித்தை இங்கே உதவாது. வெதுவெதுப்பில் மணிக்கணக்கில் கிடந்தால்தான் அது தோயும். தேங்காய்ச் சட்னி கொண்டுபோவதே இல்லை. மிளகாய்ப்பொடியும் நார்த்தங்காயும் இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் அவள் அலமாரியில் இருக்கின்றன. முறுக்கும் தட்டையும் அப்படித்தான். ஈரம் இல்லாத பண்டத்துக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம், எறும்பும் பூச்சியும் வராமல் மூடினால் போதும்.

பழையது கேட்டாள். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மார்கழிக் குளிரிலும் காலையில் பழையதும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டு வளர்ந்தவள். ராத்திரி முழுக்க நீரில் ஊறிப் புளித்த சோறு, அதன் ருசியும் குளிர்ச்சியும் எனக்கும் தெரியும். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் வெளியே இருந்த சோற்றை எந்த நர்சிங் ஹோமும் உள்ளே விடாது, விடவும் கூடாது என்றுதான் இப்போது நினைக்கிறேன். புது சோற்றைக் குழைய வடித்து, ஆறவைத்து, குளிர்ந்த மோர் விட்டுக் கரைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது பழையது இல்ல" என்றாள். பிறகு முழுதும் குடித்தாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு இத்தாலியப் பாட்டி இருக்கிறார். பக்கவாதம் வந்தவர். விழுங்குவதில் சிரமம், எல்லாமே கூழாக மசித்துத்தான் தருவார்கள். அம்மாவுக்கு ஒருவர் பார்த்திருக்க, தான் மட்டும் சாப்பிடுவது ஆகாது. ஒருநாள் சக்கர நாற்காலியை நகர்த்திக்கொண்டுபோய் இட்லியைப் பிட்டு அவர் வாயருகே நீட்டியிருக்கிறாள். நர்ஸ் பார்த்து ஓடிவந்து தடுத்துவிட்டார். நமக்கு மெத்தென்று இருக்கிற இட்லி அவருக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பங்கு கொடுக்காதே என்று அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை, மறந்துவிடுவாள். கொடுக்காமல் இருக்கவும் அவளுக்குத் தெரியாது. இப்போது சாப்பிடும்போது கட்டில்களுக்கு நடுவே திரையை இழுத்துவிடுகிறார்கள், அல்லது அவளைக் கூடத்துக்கு அழைத்துப்போகிறார்கள்.

பிரிட்ஜ்வாட்டர் பாலாஜி கோயிலுக்குப் போனால் புளியோதரை வாங்கி வருவேன். பிரசாதமாயிற்றே என்று முன்பெல்லாம் அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பேன். கேன்டீன் கூட்டத்தில் அது எவ்வளவு நேரமாக வெளியே இருந்தது என்று எனக்குத் தெரியாது. இப்போது அம்மாவுக்குக் குங்குமமும் துளசியும் கொண்டுபோகிறேன். புளியோதரையை வீட்டில் செய்கிறேன்.

இவ்வளவும் செய்தபிறகும் அந்த டிராயர் விஷயம் தீரவில்லை. லேபிள் ஒட்டினோம், ஊழியர்கள் தினமும் டிராயரைப் பார்த்தார்கள். அப்படியும் தலையணை உறைக்குள் ஒரு வடை, ஸ்வெட்டர் பாக்கெட்டில் பாதி இட்லி. ஹெய்ட்டியிலிருந்து வந்த ஒரு உதவியாளர் அம்மாவைக் குளிப்பாட்டுகிறவர். அவர்தான் என்னிடம் கேட்டார்: "அவள் யாருக்காக எடுத்து வைக்கிறாள்?"

எனக்காக. அதை அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள், நான்தான் கிருமியையும் தேதியையும் பார்த்துக்கொண்டு அதைக் கவனிக்கவில்லை. நான் ஒருநாள்கூட அவள் எதிரில் சாப்பிட்டதே இல்லை. ஊட்டிவிடுவேன், வாய் துடைப்பேன், கிளம்பிவிடுவேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு தட்டு கொண்டுபோகிறேன். முதலில் எனக்கு வைத்துக்கொள்கிறேன். அவள் என் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். மூன்றாவது இட்லி உள்ளே போனபிறகுதான் தன் தட்டில் கைவைப்பாள். செவ்வாய்க்கிழமையும் முடிந்தால் அப்படித்தான், ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, நானே சூடுபண்ணி, இரண்டு பேருமாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். போன வாரம் கிளம்பும்போது டிராயரைத் திறந்து பார்த்தேன். சீப்பு, விபூதிச் சம்புடம், அவள் மூக்குக்கண்ணாடி.

"என்னடி தேடறே?"

"சீப்பும்மா."

"சாப்டியோல்லியோ?"

"சாப்டேம்மா. நீதானே பார்த்தே."

"ஆமாம், பார்த்தேன்" என்றாள்.